நுழைவிசைவும் பெண்ணிசைவும்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்தப் பயிரை இன்று கடல் தாண்டிக் கொண்டுபோய் நடுவதானால் கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும், வங்கிக் கணக்குத் தாள் வேண்டும், காசநோய் இல்லை என்று ஒரு சான்றும் வேண்டும். விசா என்ற சொல்லுக்கு நுழைவிசைவு என்று தமிழாக்கம் செய்த புண்ணியவான் யாரோ, அவர் வாழ்க! இசைவு என்றால் சம்மதம். ஒரு நாடு தன் வாசலில் வந்து நிற்பவருக்குக் கொடுக்கும் சம்மதம் அது. அந்த வாசலில் நிற்கும் மணப்பெண்ணின் சம்மதம் எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வி என் மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. துறைக் கருத்தரங்கத்துக்காகச் சில செய்திகளைத் தேடிப் படித்தேன். அவற்றையும் என் வீட்டுக் கதை ஒன்றையும் சேர்த்து நம் ஆண்டு மலருக்கு எழுதுகிறேன்.

எனது ஊர் ஆத்தங்குடி. பெயரைக் கேட்டதும் தரையில் பதிக்கும் பூக்கல்லை நினைக்காதவர் இல்லை. கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. என் தந்தையாருக்கு அந்தக் கொட்டகையில்தான் வேலை. அந்தக் கல் பதித்த பெரிய வீடுகளோ அக்கரைப் பணத்தில் எழுந்தவை. நகரத்தார் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் தொழிலுக்குப் போனார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு முடித்து ஊர் திரும்பினார்கள். மனைவியர் பெரும்பாலும் வளவு வீடுகளிலேயே இருந்தார்கள். ஆகவே வெளிநாட்டு மாப்பிள்ளை என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. மனைவியும் கூடப் போவது என்பதுதான் பிற்காலத்து வழக்கம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆச்சி இருக்கிறார்கள். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1958ஆம் ஆண்டு தமது பதினைந்தாம் வயதில் மணமானவர்கள். அன்றைய சட்டப்படி பெண்ணுக்குப் பதினைந்து வயது போதும்; அது பதினெட்டாக உயர்ந்தது 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். செட்டியார் வீட்டுத் திருமணங்களில் இசைகுடிமானம் என்று ஒரு பத்திரம் எழுதுவார்கள். எழுத்தில் திருமணத்தைப் பதிவு செய்யும் வழக்கம் அரசு அதைக் கேட்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அங்கு இருந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆச்சி தம்முடைய இசைகுடிமானத்தைப் பெட்டகத்திலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார்கள். மணமக்கள் பெயர் இருந்தது, நாள் இருந்தது, இரு வீட்டுத் தகப்பனார்களின் கையெழுத்தும் இருந்தது. “ஒங்க கையெழுத்து எங்கே ஆச்சி?” என்றேன். “எங் கையெழுத்தை யாருத்தா கேட்டாக?” என்று சிரித்துக்கொண்டே மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். பெயரிலேயே இசைவு உள்ள பத்திரம் அது!

இனி என் பெரியப்பா மகளின் கதை. பெயர் வேண்டாம், அக்கா என்றே எழுதுகிறேன். அவள் இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது லண்டன் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து போய் அங்கேயே குடியுரிமை பெற்றுவிட்ட குடும்பம். மாப்பிள்ளைக்கு மூன்று வாரம் விடுமுறை. அதற்குள் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, தாலி கட்டி, பதிவும் முடித்துத் திரும்ப வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை வந்து இறங்குமுன்பே ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. பெண் ஆங்கிலத்தில் பேசுகிறாளா, கேட்டுப் புரிந்துகொள்கிறாளா என்று சென்னையில் ஒரு தேர்வு. மார்பை எக்ஸ்ரே எடுத்துக் காசநோய்ச் சான்று. திருமணப் பதிவுச் சான்று. மாப்பிள்ளையின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் அந்நாட்டின் விதி. அதற்கான சம்பளத் தாள்களை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். இதைப் பெரியப்பா உரக்கப் படித்தபோது அப்பத்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “இருபத்தொம்பதாயிரம் பவுனா! ஏப்பா, நம்மகிட்டயா கேக்குறாக?” என்று நெஞ்சில் கைவைத்துவிட்டார்கள். வீடே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

பட்டியலின் கடைசியில் ஒன்று இருந்தது. இது உண்மையான உறவுதான் என்று காட்டும் ஒளிப்படங்களும், இருவரும் பேசிக்கொண்ட செய்திகளும் வேண்டும். முதலில் எப்போது சந்தித்தீர்கள், எங்கே சந்தித்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். “இன்னும் பாக்கவே இல்லையே, என்னத்தை எழுதுறது?” என்று அக்கா கேட்டாள். “அதெல்லாம் பெறகு எழுதிக்கலாம், விடு” என்றார் பெரியப்பா. அவர் கெட்டவர் அல்லர். கையில் கடன் இருந்தது, இளையவள் ஒருத்தி இருந்தாள், வந்த வரன் சீர் கேட்கவில்லை. அவர் நிலையில் பத்தில் ஒன்பது தகப்பனார்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். ஆனால் அன்றிரவு மொட்டை மாடியில் படுத்திருந்தபோது அக்கா என்னிடம் சொன்னது இது: “லண்டன்காரன் நாப்பது கேள்வி கேக்குறான். நம்ம வீட்ல ஒரு கேள்விகூடக் கேக்கலை, பாத்தியா?”

பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணம் வேறு, கட்டாயத் திருமணம் வேறு என்று பிரிட்டிஷ் அரசே தன் அறிவிப்புகளில் சொல்கிறது. ஏட்டில் அது தெளிவாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டிலோ யாரும் அடிக்கவில்லை, அறையில் பூட்டவில்லை. அப்பத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பெரியம்மா பேசும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதற்கு என்ன பெயர் வைப்பது? இந்த இடத்தில்தான் சட்டங்கள் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றத்தின் வரலாறு படிக்கப் படிக்க வியப்பூட்டுகிறது.

1979ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓர் இந்திய ஆசிரியை வந்து இறங்கினார். வயது 35. அங்கு வாழும் ஒருவரை மணக்க வந்தவர். மூன்று மாதத்துக்குள் திருமணம் செய்துகொள்ளப் போகும் பெண்ணுக்கு முன்கூட்டிய அனுமதி தேவையில்லை என்ற விதி அப்போது இருந்தது. இவர் ஏற்கெனவே மணமானவராக இருப்பாரோ என்று ஐயுற்ற அதிகாரிகள், கன்னித்தன்மைச் சோதனை என்ற பெயரில் அவரை ஒரு மருத்துவரைக் கொண்டு பரிசோதித்தார்கள். செய்தி பத்திரிகையில் வெளிவந்ததும் இந்தியாவில் கொதிப்பு எழுந்தது. அந்தச் சோதனை உடனே நிறுத்தப்பட்டது. ஏதோ ஓரிடத்தில் நடந்த தவறு என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2011ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பழைய அரசுக் கோப்புகளைத் தேடியபோது, எழுபதுகளின் பிற்பகுதியில் குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்திருப்பதும், பெரும்பாலானவை நம் நாட்டிலேயே, விசா கேட்டுப் போன இடத்தில் நடந்திருப்பதும் தெரியவந்தது. திருமணம் மெய்யா பொய்யா என்று அறிய ஓர் அரசு கண்டுபிடித்த வழி!

அடுத்து வந்தது தலைமை நோக்க விதி. 1980இல் தொடங்கி 1983இல் கடுமையாக்கப்பட்டது. இந்தத் திருமணத்தின் முக்கிய நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவது அல்ல என்று விண்ணப்பித்தவரே மெய்ப்பிக்க வேண்டும். இல்லாததை எப்படி மெய்ப்பிப்பது? நம் துணைக்கண்டத்து மாப்பிள்ளைகள் பலர் இதனால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1997இல் புதிய அரசு வந்துதான் அதை நீக்கியது. இடையில் ஒரு வேடிக்கை. அங்கு குடியேறிய ஆண் தன் மனைவியை எளிதாக அழைக்கலாம், பெண் தன் கணவனை அழைப்பது கடினம் என்றிருந்த வேற்றுமை தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. சமத்துவம் வேண்டும் என்றார்கள். அரசும் சமத்துவம் கொடுத்தது, மனைவியரை அழைப்பதையும் கடினமாக்கி!

கட்டாயத் திருமணத்தைத் தடுப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லி வந்த விதிகள் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. டென்மார்க் 2002இல், கணவன் மனைவி இருவருக்கும் 24 வயது நிறைந்தால்தான் குடும்ப அனுமதி என்றது. விளைவு? டேனிஷ் இளைஞர்கள் பலர் வெளிநாட்டுத் துணையுடன் பக்கத்து ஸ்வீடனில் மால்மோ நகரில் குடியேறிக்கொண்டு, பாலத்தைக் கடந்து கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். பிரிட்டன் 2008 நவம்பரில் 18 வயதை 21 ஆக்கியது. படித்து முதிர்ந்த பெண் மறுத்துப் பேசுவாள் என்பது அதற்குச் சொன்ன காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டாயப்படுத்தத் துணிந்த குடும்பம் வயதைப் பார்த்து நிற்குமா? பெண்ணை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் மணம் முடித்து, 21 ஆகும்வரை அங்கேயே வைத்திருந்தால் என்ன செய்வது என்று அப்போதே கேட்டவர்கள் இருந்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. வழக்காடிய இணைகளில் ஒன்று சிலி நாட்டு இளைஞனும் அவனைக் காதலித்து மணந்த பிரிட்டிஷ் பெண்ணும். இன்னொன்று பாகிஸ்தானில் பெற்றோர் பார்த்து முடித்த இணை. இரண்டிலும் கட்டாயம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. 2011 அக்டோபர் 12ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர், இந்த விதி எத்தனை கட்டாயத் திருமணங்களைத் தடுக்கும் என்று அரசால் காட்ட முடியவில்லை. விரும்பி மணந்த எத்தனையோ பேரை அது பிரிக்கிறது என்று சொல்லி, அந்த இணைகளுக்கு அதைப் பயன்படுத்தியது சட்டத்துக்கு ஒவ்வாது என்றார்கள். அடுத்த மாத இறுதியில் வயது மீண்டும் 18 ஆயிற்று.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு சிக்கல். கட்டாயத்துக்கு ஆளாகும் பெண்களில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். விடுமுறைக்கு என்று ஊருக்கு அழைத்துவந்து மணம் முடித்து, பிறகு திரும்ப அனுப்பி, கணவனை வரவழைக்கும் விண்ணப்பத்தில் அவளையே கையெழுத்திடச் சொல்கிறார்கள். அவள் அதிகாரியிடம் இரகசியமாக, எனக்கு விருப்பமில்லை, விசா கொடுக்காதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் மறுத்தால் காரணத்தை விண்ணப்பித்தவனிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் யார் சொன்னது என்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவள் கதி? எனவே பெயர் சொல்ல அஞ்சி நிற்பாள், விசாவும் போய்ச் சேர்ந்துவிடும். 2017ஆம் ஆண்டில் இப்படித் தடுக்கக் கோரிய பெண்களின் வழக்குகளில் ஏறக்குறைய பாதியில் விசா வழங்கப்பட்டுவிட்டது என்ற செய்தி, 2018இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்து நாடாளுமன்றம்வரை பேசப்பட்டது. வயது, வருமானம், ஆங்கிலம் எல்லாவற்றையும் சரிபார்க்கத் தெரிந்த அலுவலகத்துக்கு, ஒரு பெண்ணின் ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் காப்பாற்றத் தெரியவில்லை.

பயன் தந்த வழிகள் வேறு இடத்திலிருந்து வந்தன. 2007இல் இயற்றி 2008 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, நீதிமன்றம் கட்டாயத் திருமணப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். கடவுச்சீட்டுகளை ஒப்படைக்கச் சொல்லலாம். நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே, லண்டனில் பயிற்சி பெற்றுவந்த வங்கதேசப் பெண் மருத்துவர் ஒருவருக்காக அது பயன்பட்டது. தாய்க்கு உடல்நலமில்லை என்று அழைத்து டாக்காவில் அடைத்து வைத்திருந்தார்கள். லண்டன் ஆணைக்கு அங்கே நேரடி வலிமை இல்லை. ஆயினும் டாக்கா உயர் நீதிமன்றம் அதே டிசம்பரில் அவரை விடுவித்துத் திருப்பி அனுப்பியது. 2014 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டாயப்படுத்துவது ஏழாண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

இன்னொரு வழியைப் படித்தபோது என் கண்கள் கலங்கின. 1993இல் தொடங்கப்பட்ட கர்ம நிர்வாணா என்ற தொண்டு நிறுவனம், வீட்டாரால் வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லப்படும் பெண்களுக்கு ஒரு யோசனை சொன்னது: உள்ளாடைக்குள் ஒரு கரண்டியை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒலிக்கும். சோதனைக்காகத் தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள். தாய் தந்தையர் உடன் வர முடியாத அந்த ஓர் அறையில் உண்மையைச் சொல்லலாம். ஒரு பெண் தனியாகப் பேசுவதற்கு ஐந்து நிமிடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கரண்டியைத் தேட வேண்டியிருக்கிறது!

எங்கள் அக்காவுக்கு அந்த ஐந்து நிமிடம் தெருக்கோடி ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டில் கிடைத்தது. பத்திரிகை அடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, வடகம் காயவைக்க ஆள் வேண்டும் என்று ஆச்சி அவளை அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். என்னை முகப்பிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். “ஏத்தா, ஒனக்கு இஷ்டந்தானா? எனக்கு மட்டும் சொல்லு” என்று கேட்டார்களாம். அக்கா அழுதிருக்கிறாள். படிப்பு முடியட்டும், அந்தப் பையனிடம் நாலு வார்த்தையாவது பேசிப் பார்க்கட்டும், அதற்கு முன் முடியாது என்று சொல்லியிருக்கிறாள். ஆச்சி அன்று மாலையே பெரியப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த வீட்டுத் தரைக்குக் கல் செய்து கொடுத்தவர் எங்கள் பாட்டனார். ஆச்சியின் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு உண்டு. பெரியப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆறு மாதம் தவணை கேட்டார். அவர்களால் காத்திருக்க முடியாது, விடுமுறை முடிகிறதே! அதே மூன்று வாரத்துக்குள் வேறோர் ஊரில் வேறொரு பெண்ணை முடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆச்சி இருந்தார்களோ இல்லையோ, நான் அறியேன்.

உறவினர் சிலர் இன்றும் பெரியப்பா வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அக்கா இப்போது பி.எட். படிக்கிறாள்.

நம் நாட்டுச் சட்டங்களையும் பார்த்தேன். வெளிநாட்டு மாப்பிள்ளை கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்பதில் நம் அரசுக்குக் கவலை உண்டு. தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் இதற்கென ஒரு பிரிவு இயங்குகிறது. வெளிநாடுவாழ் இந்தியர் திருமணத்தை முப்பது நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்று 2019இல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. 2024இல் சட்ட ஆணையம் முழுமையான சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இவையெல்லாம் தாலி ஏறியபின் நேரும் துன்பத்தைப் பற்றியவை. பெண்ணின் திருமண வயதையும் 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்து, 2024இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. பிரிட்டன் நுழைவுக்கு வைத்துப் பார்த்துக் கைவிட்ட அதே எண்! எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அக்காவுக்கு அப்போது இருபது வயது. இருபத்தொன்று ஆகியிருந்தால் மட்டும் கேட்டிருப்பார்களா?

தமிழ்நாடு செய்த இரண்டு காரியங்கள் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. ஒன்று, 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு. மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில், இவரை என் கணவராக, இவளை என் மனைவியாக ஏற்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாலே திருமணம் செல்லும். பெண் வாய் திறப்பதைத் திருமணத்தின் ஒரு முறையாகவே சட்டம் ஏற்றுக்கொண்டது. மற்றொன்று, 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். பெண் எட்டாம் வகுப்புவரை படித்திருந்தால்தான் உதவி என்று நிபந்தனை வைத்ததால், கல்யாணத்துக்கு என்றாவது படிக்க வைத்தார்கள். 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. எனக்கும் வருகிறது. பேருந்துக் கட்டணமில்லாமல் வந்து, இந்தப் பணத்தில் நோட்டும் தேர்வுக் கட்டணமும் போக மிச்சத்தை அம்மாவிடம் கொடுக்கும் பெண்ணை, இந்த மாதமே கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் அவ்வளவு அவசரப்படுவதில்லை. இதை நான் எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

தாலி ஏறிவிட்ட பிறகும் கதவு முற்றிலும் மூடிவிடுவதில்லை. இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, வன்முறையாலோ ஏமாற்றாலோ சம்மதம் பெறப்பட்டிருந்தால் அந்தத் திருமணத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். ஆனால் கட்டாயம் நீங்கிய நாளிலிருந்து, அல்லது ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து, ஓராண்டுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு மனமொப்பி உடன் வாழ்ந்திருக்கவும் கூடாது. கட்டாயத் திருமணத்துக்காகப் பெண்ணைக் கடத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 87ஆம் பிரிவின்படி பத்தாண்டுவரை சிறைக்குரிய குற்றம். அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181, பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு 1098. இந்த ஓராண்டுக் கெடுவைப் பற்றி எங்கள் வகுப்புத் தோழியரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்திக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் பிரிவு எண்ணோடு இங்கே எழுதியிருக்கிறேன்.